ஆய்வு மாணவருக்கு ஆறுதல் மட்டும் போதுமா?

ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீடுகளில் பகல் வேளையில் நிதானமாகப் பேச முடியாது. தறியின் ஓசை அடங்கும் சிறு இடைவெளியில்தான் பேச்சு நடக்கும். சென்ற மாதம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அப்படியோர் இடைவெளியில் அண்டை வீட்டுப் பெண் என்னிடம் பேசினார். முதுநிலை அறிவியல் பட்டம் பெற்றபின், வேறொரு மாவட்டத்திலுள்ள பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருப்பவர். இது நான்காம் ஆண்டு. மூன்று மாதங்களாக ஊரில்தான் இருக்கிறார். அம்மாவுக்கு உதவியாகத் தறியில் அமர்கிறார். அக்கம்பக்கத்தில் ‘லீவு’ என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.

“உடம்புக்கு ஒன்றுமில்லை சார். பல்கலைக்கழக நிறுத்தம் வந்தால் பேருந்திலிருந்து இறங்கக் கால் எழுவதில்லை. இரண்டு முறை கடைசி நிறுத்தம்வரை போய்விட்டு அப்படியே அறைக்குத் திரும்பிவிட்டேன்” என்றார். “நெறியாளரிடம் சொன்னாயாம்மா?” என்று கேட்டேன். “அவரிடம் சொல்ல முடிந்திருந்தால் இந்த நிலையே வந்திருக்காதே சார்” என்றார். அங்கே உளநல ஆலோசகர் இருக்கிறாராம். வாரத்துக்கு ஒரு நாள் வருகிறாராம். அவருக்கு ஒதுக்கப்பட்ட அறை துறைத் தலைவரின் அறைக்கு அடுத்தது. “அங்கே போனால் சாயங்காலத்துக்குள் துறை முழுக்கத் தெரிந்துவிடும்” என்றார்.

அவருடைய தாய் தறியிலிருந்து எழாமலே ஒரு கேள்வி கேட்டார்: “தறியில உட்கார்ந்தா, பொழுது சாயும்போது எத்தனை முழம் நெய்தோம்னு தெரியும். இவ படிப்புல எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு யாருக்குங்க தெரியும்?”

பெயரும் நிறுவனமும் வெளிவரக் கூடாது என்ற நிபந்தனையுடன் இதை எழுத அந்தப் பெண் ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். சிலருக்கு ஆய்வு நெறியாளராகவும் இருந்திருக்கிறேன். அந்தத் தாயின் கேள்வி எனக்கும் உரியது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

நீதிமன்றம் திறந்த கதவு

உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர்களின் மனநலம் குறித்து உச்ச நீதிமன்றம் 2025இல் இரண்டு முக்கியமான தீர்ப்புகளை வழங்கியது. டெல்லி ஐஐடியில் 2023இல் இரு மாணவர்கள் உயிரிழந்தது தொடர்பான வழக்கில், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு மார்ச் 24 அன்று தீர்ப்பளித்தது. மாணவர் தற்கொலைகளுக்கான காரணங்களை ஆராய, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அது அமைத்தது. விசாகப்பட்டினத்தில் பயிற்சி மையம் ஒன்றில் படித்துவந்த மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு ஜூலை 25 அன்று 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மனநலம் என்பது அரசமைப்பின் 21ஆவது கூறு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அத்தீர்ப்பு கூறியது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இவை காலத்தின் கட்டாயத்தால் வந்த தீர்ப்புகள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022இல் 13,044 மாணவர்களும் 2023இல் 13,892 மாணவர்களும் தற்கொலையால் உயிரிழந்தார்கள். இந்த எண், பள்ளிப் பிள்ளை முதல் முனைவர் பட்ட ஆய்வாளர்வரை எல்லோரையும் ‘மாணவர்’ என்ற ஒரே தொகுப்பில் அடக்குகிறது. கணக்கில் மட்டுமல்லாமல், கொள்கையிலும் இதே நிலைதான். மாணவர் நலன் என்றதும் நம் மனதில் எழுவது பதினேழு வயதுப் பிள்ளையின் முகம்: நுழைவுத் தேர்வு, மதிப்பெண், விடுதியில் முதல் ஆண்டு, ராகிங். முதுநிலையிலும் ஆய்விலும் இருப்பவரின் வாழ்க்கை வேறு. அவருக்கு வயது இருபத்திரண்டிலிருந்து முப்பதுக்கு மேல்வரை இருக்கலாம். உடன் படித்தவர்கள் சம்பாதிக்கத் தொடங்கியிருப்பார்கள். வீட்டில் திருமணப் பேச்சு நடக்கும். தம்பியோ தங்கையோ இவருடைய வருமானத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். ‘இன்னுமா படிக்கிறாய்?’ என்ற கேள்வியை ஒவ்வொரு பொங்கலுக்கும் எதிர்கொள்பவர் அவர்.

அரசின் ஆதரவும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் மெலிகிறது. 2022இல் தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டமும், 2024இல் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்கி, எத்தனையோ வீடுகளின் பிள்ளைகளைக் கல்லூரி வாசலுக்கு அழைத்துவந்திருக்கின்றன. ஆனால், அந்தத் தொகை முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. முதுநிலைப் படிப்பு அதன் வரம்புக்குள் வருவதில்லை.

ஆய்வுகள் சுட்டும் இடம்

ஆய்வு மாணவரின் மனநலம் தனித்துப் பார்க்கப்பட வேண்டியது என்பதற்கு உலக அளவில் சான்றுகள் இருக்கின்றன. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் வெளியானது. மூவரில் ஒருவர் மனநலக் கோளாறுக்கு ஆளாகும் ஆபத்தில் இருந்ததாக அது கண்டறிந்தது. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, முதுநிலை, ஆய்வு மாணவர்களிடையே மனச்சோர்வும் பதற்றமும் பொது மக்களிடம் காணப்படுவதைவிட ஆறு மடங்குக்கு மேல் இருப்பதாகக் கூறியது. இவை நம் நாட்டின் எண்கள் அல்ல. அப்படியே இங்கு பொருத்திவிட முடியாது. எனினும், இரண்டு ஆய்வுகளும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. நெறியாளர் நடத்தும் விதம், வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறி, தன் வேலையின் மீது தனக்கு இருக்கும் கட்டுப்பாடு ஆகியவையே மாணவரின் மனநிலையோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன.

நம் மாநிலத்திலும் இதற்கான எச்சரிக்கை வந்தது. 2023 மார்ச் இறுதியில் சென்னை ஐஐடியின் ஆய்வு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மாணவர் மரணங்கள் குறித்து ஆராய, ஓய்வுபெற்ற ஐபிஎஸ் அதிகாரி ஜி.திலகவதி தலைமையில் அந்நிறுவனம் குழு அமைத்தது. பின்னர், பேராசிரியர் ஒருவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாகின. எந்த மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் கற்பிப்பது தவறு. அதை இங்கே செய்யவும் நான் விரும்பவில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. மாணவர் ஆலோசனைக்கென அமைப்புகளும் நிதியும் உள்ள நிறுவனம் அது. அங்கேயே விசாரணையின் பார்வை, மாணவருக்கும் வழிகாட்டும் ஆசிரியருக்கும் இடையிலான உறவின் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. நிதியும் ஆளும் இல்லாத மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைவுக் கல்லூரிகளிலும் நிலைமை என்னவாக இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

தறியிடம் கற்க வேண்டியது

ஆரணி நெசவாளர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் உண்மை உண்டு. தனியார் முதலாளியிடம் நெய்யும்போது, பட்டு நூலும் சரிகையும் தருபவர் அவர்; நெய்த சேலையைப் பார்த்துக் குறை சொல்பவர் அவர்; கூலியைத் தீர்மானிப்பவரும் அவர். முன்பணம் வாங்கியிருந்தால், வேறிடம் போவதற்கும் அவர் சம்மதம் வேண்டும். முதலாளி நல்லவராக இருந்தால் வாழ்க்கை நன்றாக ஓடும். இல்லையென்றால், நெசவாளருக்கு முறையிட இடமில்லை. இந்த நிலைக்கு மாற்றாகத்தான் கூட்டுறவு சங்கங்கள் உருவாயின. 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் அந்த முயற்சியின் மாநில அளவிலான வடிவம். நூல் கொடுப்பது, தரம் பார்ப்பது, கூலி நிர்ணயிப்பது ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் கையில் இருக்கக் கூடாது என்பதே கூட்டுறவின் அடிப்படை. சங்கங்களிலும் குறைகள் உண்டு. தேக்கமும் தாமதமும் உண்டு. ஆனால், நெசவாளரின் துயரத்துக்கு ஆறுதல் வார்த்தை மட்டும் போதும் என்று அன்றைய முன்னோடிகள் நினைக்கவில்லை, அதிகாரத்தைப் பிரித்தார்கள்.

ஆய்வு மாணவரின் நிலை, முன்பணம் வாங்கிய நெசவாளரின் நிலையைப் போன்றது. தலைப்புக்கு இசைவு தருபவர் நெறியாளர். உதவித்தொகைக்கான வருகைச் சான்றில் கையெழுத்திடுபவர் அவர். கட்டுரையை வெளியீட்டுக்கு அனுப்பலாமா, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாமா என்று முடிவுசெய்பவர் அவர். பின்னாளில் வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் தர வேண்டியவரும் அவரே. 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள், ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு வேண்டும் என்கின்றன. பருவந்தோறும் அக்குழுவின் முன் மாணவர் தன் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், அக்குழுவின் அமைப்பாளர் அதே நெறியாளர். நெறியாளரோடுதான் சிக்கல் என்றால், அந்தக் குழுவில் மாணவர் எப்படி வாய் திறப்பார்?

இதை எழுதும்போது என்னையும் விலக்கிக்கொள்ள முடியவில்லை. என்னிடம் ஆய்வு செய்த ஒருவர், ஐந்தாம் ஆண்டில் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டார். ஆர்வம் குறைந்துவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். பல ஆண்டுகள் கழித்து ஒரு திருமணத்தில் சந்தித்தபோது அவர் வருத்தமின்றிச் சொன்னார்: “மூன்றாம் இயலைக் கொடுத்துவிட்டு ஏழு மாதம் காத்திருந்தேன் ஐயா. நன்றாக இல்லாததால்தான் நீங்கள் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.” உண்மையில் நான் அந்த இயலைப் படிக்கவே இல்லை. தேர்வுப் பணி, துறைப் பணி, தர மதிப்பீட்டுக் கோப்புகள் ஆகியவற்றுக்கு அடியில் அது கிடந்தது. நான் கொடுமைக்காரன் அல்லன் என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால், என் மௌனத்தை அவர் தீர்ப்பாக வாசித்தார். அதைத் தட்டிக்கேட்கும் வழியை எந்த விதியும் அவருக்குத் தரவில்லை. ஏழு மாதம் ஆயிற்றே என்று என்னைக் கேட்பதற்கும் யாரும் இல்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஆலோசனை பெறும் இடமும் அதன் ரகசியமும். உச்ச நீதிமன்ற வழிகாட்டுதலை நிறைவேற்ற ஒரு பெயர்ப்பலகையை மாட்டிவிடுவது எளிது. துறைக்குள் அறை கொடுத்தால் மாணவர் வர மாட்டார். ஆசிரியர் ஒருவருக்கே கூடுதல் பொறுப்பாக ஆலோசகர் பணியைத் தந்தால், தன்னை மதிப்பிடப்போகிறவரிடம் மாணவர் மனம் திறக்க மாட்டார். ஆலோசகர் துறைக்கு வெளியே இருக்க வேண்டும். தொலைபேசியிலும் அணுகக்கூடியவராக இருக்க வேண்டும். தமிழில் பேச வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே இதைச் செய்ய முடியாதென்றால், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர் போன்ற அண்டை ஊர்களின் கல்லூரிகள் சேர்ந்து முழுநேர ஆலோசகர்களை அமர்த்தலாம். தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் ‘மனம்’ என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. கலை, அறிவியல் கல்லூரிகளின் முதுநிலைத் துறைகளுக்கும் அது முழுமையாகச் சென்றுசேர வேண்டும்.

இரண்டாவது, குறித்த தேதியில் பணம். தேசியத் தகுதித் தேர்வின் வழியே இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகத்தில் அத்தேர்வின்றிச் சேர்ந்தவருக்கு 8,000 ரூபாய். மாநிலப் பல்கலைக்கழகங்களில் எதுவுமே பெறாமல் ஆய்வு செய்பவர்கள் ஏராளம். கிடைப்பவர்களுக்கும் அது உரிய காலத்தில் வருவதில்லை. சிறுபான்மைச் சமூக ஆய்வாளர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே தேர்வானவர்கள்கூட 2025இல் மாதக்கணக்கில் தொகை வராமல் தவித்தார்கள். கூலி ஒரு மாதம் தள்ளிப்போனால் நெசவாளர் வீட்டில் வட்டிக்குக் கடன் ஏறும். ஆய்வாளர் வீட்டிலும் அதுவே நடக்கிறது. அனுமதிக்கப்பட்ட உதவித்தொகை தாமதமாகும்போது, பல்கலைக்கழகமே தன் நிதியிலிருந்து முன்தொகை தந்து பின்னர் ஈடுசெய்துகொள்ளும் ஏற்பாடு வேண்டும். மாதம் பிறந்தால் அறை வாடகைக்கு யாரிடம் கேட்பது என்று தவிப்பவருக்கு, மூச்சுப் பயிற்சியைப் பரிந்துரைப்பது பொருத்தமற்ற மருந்து.

மூன்றாவது, அதிகாரப் பகிர்வு. ஆலோசனைக் குழுவின் அமைப்பாளராக நெறியாளர் அல்லாத ஒருவர் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும், நெறியாளர் இல்லாமல் மாணவர் அக்குழுவோடு பேச வாய்ப்புத் தர வேண்டும். மாணவர் எழுதித் தரும் இயலுக்கு, குறித்த நாள்களுக்குள் எழுத்துவழிக் கருத்து தருவதை விதியாக்க வேண்டும். நெறியாளரை மாற்றிக்கொள்வதற்கு, மாற்றப்படும் நெறியாளரின் தடையின்மைச் சான்றையே கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

நான்காவது, கௌரவமான வெளியேற்றம். முன்பெல்லாம் ஆய்வுப் பாதையில் எம்.பில். என்றொரு இடைத்தங்கல் இருந்தது. முனைவர் பட்டம்வரை செல்ல முடியாதவர் ஒரு பட்டத்தோடு இறங்கிக்கொள்ளலாம். 2022 ஒழுங்குமுறைகளோடு அது முடிவுக்கு வந்தது. இன்று நான்காம் ஆண்டில் நிற்பவர் வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவருக்கு அந்த வெறுங்கை, ஊருக்கு முன் அவமானமாகத் தெரிகிறது. இதுவரை செய்த பாடப்பணிக்கும் ஆய்வுக்கும் சான்றிதழ் தந்து அனுப்பவும், உடல்நல, மனநலக் காரணங்களுக்காக விடுப்பு எடுத்துத் திரும்பி வரவும் வழி வேண்டும். பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள்வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பை அதே விதிகள் அளிக்கின்றன. மனநலத்துக்கும் அப்படியொரு விடுப்பை அளிப்பது முடியாத செயலல்ல.

ஆசிரியர் தரப்பின் நியாயம்

“நாங்கள் மட்டும் சிரமப்படாமலா பட்டம் வாங்கினோம்?” என்று என் தலைமுறை ஆசிரியர்கள் கேட்பார்கள். ஆய்வு என்பது எளிதாக இருக்க முடியாது. சோதனை தோற்பதும், எழுதியதைக் கிழித்துப்போட்டு மீண்டும் எழுதுவதும் அதன் இயல்பு. எல்லாச் சோர்வையும் நோயாகப் பெயரிடுவதும் மாணவருக்கு நன்மை செய்யாது. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், ஆய்வின் கடினம் வேறு, காத்திருப்பின் கடினம் வேறு. முதலாவது ஒருவரை வளர்க்கும். படிக்கப்படாத இயலுக்காகக் காத்திருந்ததால் யாரும் சிறந்த அறிஞர் ஆனதில்லை.

ஆசிரியர்களின் சுமையையும் மறைக்கக் கூடாது. பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வழிகாட்டலாம் என்பது விதி. நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு துறைகள் ஓடும்போது, இருக்கும் சில நெறியாளர்கள் மீதே எல்லாச் சுமையும் விழுகிறது. காலிப் பணியிடங்களை நிரப்புவதும் மாணவர் மனநலத் திட்டத்தின் பகுதியே. வழிகாட்டுவது எப்படி என்று என் பணிக்காலத்தில் யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை. என் நெறியாளர் என்னை நடத்தியபடியே நானும் நடத்தினேன். அந்தச் சங்கிலி எங்காவது அறுபட வேண்டும். நெறியாளர் தகுதி வழங்கும்போதே அதற்கான பயிற்சியையும் கட்டாயமாக்குவது அதற்கொரு தொடக்கம்.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்கள் 2.12 லட்சம் பேர். 2014-15இல் அந்த எண் 1.17 லட்சமாக இருந்தது. அதே கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் தமிழ்நாடு 47 சதவீதத்துடன் தேசிய சராசரியான 28.4 சதவீதத்தைவிட வெகுவாக முன்னால் நிற்கிறது. இதுவரை பல்கலைக்கழகத்தையே பார்த்திராத வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஆய்வுக்கூடங்களுக்கு வருகிறார்கள் என்பதே அந்த எண்களின் பொருள். அவர்களுக்கு வீட்டில் ஆலோசனை சொல்ல ஆளில்லை. எந்தச் சிரமம் இயல்பானது, எது அநீதி என்று பிரித்துச் சொல்ல உறவில் ஒருவரும் இல்லை. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு.

அந்தப் பெண் மீண்டும் பல்கலைக்கழகத்துக்குச் செல்வாரா என்பது எனக்குத் தெரியாது. முடிவு அவருடையது, இரண்டில் எதுவும் தோல்வி அல்ல என்று அவரிடமும் அவருடைய தாயிடமும் சொல்லிவிட்டு வந்தேன். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இதை வாசிப்பவர்களில் எவருக்கேனும் அத்தகைய நிலை இருந்தால், அல்லது வீட்டில் ஒருவரிடம் அதைக் கண்டால், அந்த எண்ணையோ 104ஐயோ தயங்காமல் அழைக்க வேண்டும். ஆனால், “எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்?” என்ற தாயின் கேள்விக்கு எந்த உதவி எண்ணும் பதில் சொல்லாது. அதற்குப் பல்கலைக்கழகம்தான் பதில் சொல்ல வேண்டும்; பருவந்தோறும், எழுத்தில், மாணவரின் கையில் தரும் பதிலாக.